எண்பத்து மூன்று விழுக்காட்டில் நின்ற மாப்பிள்ளை

எங்கள் வீட்டில் வைஃபை மெதுவாகிப்போனால் என்னை யாரும் கூப்பிடுவதில்லை. மனைவி கூப்பிடமாட்டாள்; விடுமுறைக்கு வரும் மகளும் கூப்பிடமாட்டாள். நானாக எழுந்து அந்தப் பெட்டியின் பக்கம் நாலு அடி எடுத்து வைத்தால்கூட, "நீங்க உக்காருங்க, எதையும் தொடவேணாம்" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். முப்பது ஆண்டுகள் பத்திரிகையில் உழைத்தவனுக்கு வீட்டில் கிடைத்திருக்கும் மரியாதை இவ்வளவுதான். அநியாயம் என்று சொல்லமாட்டேன். அதற்குரிய வேலையை நான் தொண்ணூறுகளின் கடைசியிலேயே செய்து முடித்துவிட்டேன்.

அப்போது நான் கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் பிழைதிருத்துபவனாக இருந்தேன். என் மனைவி சரஸ், பெடாஸுக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. அதே தோட்டத்தில் அப்பா வீட்டில் இருந்தாள். கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் நாங்கள் சேர்ந்திருந்த நாள்களை வாரக் கடைசிகளாக எண்ணிவிடலாம். அவளுக்கு நாலு மாதம் வேறு. பஸ்ஸில் போய், பஸ்ஸில் திரும்பி, திங்கட்கிழமை காலையில் மற்றவர்களின் எழுத்துப்பிழைகளை அரைத் தூக்கத்தில் திருத்திக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் செரம்பானுக்கு ஒரு முழுநேரச் செய்தியாளர் போடப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. அதுவரை பகுதிநேரச் செய்தியாளர் ஒருவர் தொலைபேசியில் செய்தி சொல்வார்; இங்கே ஒருவர் கேட்டு எழுதுவார். தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"ஆபீஸ்ல ஒரு லேப்டாப் வாங்கியிருக்கோம்யா. அதுலேர்ந்து செய்தி அனுப்பத் தெரிஞ்சவனுக்குத்தான் செரம்பான். உனக்கு கம்ப்யூட்டர் தெரியுமா?"

"நல்லா தெரியும் சார்."

எனக்கு அதை முடுக்கத் தெரியும். (அணைக்கவும் தெரியும். ஆனால் அணைத்தபின் அது உண்மையிலேயே அணைந்ததா என்று மூடியைத் திறந்து பார்ப்பேன்.)

சோதனை எளிமையானது. வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரைக்குள், தோட்டத்திலிருந்து நான் அனுப்பும் ஒரு செய்தி அலுவலகக் கணினியில் வந்து விழவேண்டும். விழுந்தால் செரம்பான் எனக்கு. பெடாஸிலிருந்து அரை மணி நேரம். பிள்ளை பிறக்கும்போது நான் பக்கத்தில் இருப்பேன். விழாவிட்டால் பழையபடி பஸ்.

சனிக்கிழமை மாலை முழுவதும் மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நானூறு சொல்லில் செய்தியை எழுதினேன். பெரிய சாலையிலிருந்து தோட்டத்துக்கு வரும் மூன்று மைல் மண் சாலையைப் பற்றியது. மழை பெய்தால் பள்ளி வேன் வராது. குழிகளை நானே எண்ணியிருந்தேன்: இருபத்திரண்டு. எழுதி முடித்தபின்தான் என் திறமையைக் காட்ட ஆரம்பித்தேன். மேலே பத்திரிகையின் பெயரைப் பெரிய எழுத்தில் வைத்தேன். கீழே என் பெயர். சுற்றிலும் தாமரைப் பூ பார்டர்.

சரஸ் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "செய்தி போதாதா? பூ எதுக்கு?"

"உனக்கு இதெல்லாம் புரியாது" என்றேன்.

கோப்பின் அளவு முந்நூறு கிலோபைட் என்று திரையில் காட்டியது. கிலோபைட் என்றால் என்னவென்று எனக்கும் புரியாது. எண் பெரிதாக இருந்ததில் மகிழ்ச்சி அடைந்தேன்.

அந்தத் தோட்டத்துத் தொலைபேசியைப் பற்றி இங்கே சொல்லியாகவேண்டும். அதற்குக் கம்பி கிடையாது. மரங்களுக்கு நடுவே அவ்வளவு தூரம் கம்பி இழுக்க முடியாதென்று, காற்று வழியாக வரும் தொலைபேசியைக் கொடுத்திருந்தார்கள். தோட்டத்து அலுவலகத்துக்கு வெளியே ஓர் இரும்புக் கம்பம். உச்சியில் மீன்முள் போல ஒரு ஏரியல், ரெம்பாவ் பக்கத்துக் குன்றின் மேலிருந்த கோபுரத்தைப் பார்த்தபடி. அலுவலகத்தில் ஒரு கருவி. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில், அதே இணைப்பில் இன்னொரு கருவி. (கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்கும். சண்டை போட லாயக்கில்லாத தொலைபேசி; திட்டு போய்ச் சேர்வதற்குள் கோபம் ஆறிவிடும்.)

ஞாயிறு மாலைகளில் சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் ஆயாக்கொட்டகைக்குக் கூப்பிடுவார்கள். பெற்றோர்கள் நாலு மணியிலிருந்து வாசலில் காத்திருப்பார்கள். அந்த ஞாயிறு மட்டும் அது நடக்காது என்று என் மாமனார், தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர் சின்னசாமி, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லைன் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

"மூணு மணிலேர்ந்து யாரும் ஃபோன்ல பேசக்கூடாது. மாப்பிள்ள பேப்பருக்கு நியூஸ் அனுப்புறாரு."

ஒருவரும் முணுமுணுக்கவில்லை. மண்டோர் வீட்டு மாப்பிள்ளை தோட்டத்துக்கே மாப்பிள்ளை. அவன் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொள்ளக்கூடாது. கேட்பதற்கு முன் தே ஓ (பால் ஊற்றாத தேநீர்) வரவேண்டும். அவனுக்கு ஒரு வேலை இருந்தால் அதைப் பத்துப் பேர் சேர்ந்து செய்து தரவேண்டும். இந்த முறைப்படிதான் எல்லாம் நடந்தது. ஒன்றைக்கூடக் குறை சொல்ல முடியாது. அதுதான் கஷ்டம்.

மூன்று முப்பத்தைந்துக்கு அலுவலகத்தில், தலைமை எழுத்தரான பெரிய கிராணியின் மேசையில் லேப்டாப்பைத் திறந்து, தொலைபேசி வயரைச் செருகி, எண்ணை அழுத்தினேன். கொய்யென்று ஒரு சத்தம், பிறகு கரகரப்பு. மாமனார் ஓரடி பின்வாங்கினார்.

"என்ன மாப்பிள்ள, பூன வால மிதிச்ச மாதிரி கத்துது?"

"அதான் மாமா பேசுறது. அங்க இருக்கிற கம்ப்யூட்டரோட."

"கொஞ்சம் மெதுவா பேசச் சொல்லுங்க."

அதற்கு அவசியமே இருக்கவில்லை. இணைப்பு கிடைத்தது, வேகம் 2400 என்று காட்டியது. கையேட்டில் இதைப்போல் பத்து மடங்குக்குமேல் போட்டிருந்தது. திரையில் ஒரு நீலக் கோடு நகரத் தொடங்கியது. நகர்ந்தது என்று எழுதுவது பத்திரிகை தர்மத்துக்கு விரோதம். பக்கத்தில் விழுக்காடு ஏறியது: ஒன்று. நீண்ட யோசனைக்குப் பிறகு, இரண்டு. கணக்குப் போட்டேன்: நூறு வர இருபத்தொரு நிமிடம். பரவாயில்லை, நேரம் இருக்கிறது என்று தே ஓவை எடுத்தேன். பன்னிரண்டில் இணைப்பு அறுந்தது.

மறுபடி முதலிலிருந்து. முப்பத்தொன்றில் அறுந்தது.

வயரைக் கழற்றித் துடைத்துச் செருகினேன். லேப்டாப்பை அணைத்து முடுக்கினேன். கையேட்டின் 'வேகம் குறைந்தால்' பக்கத்தைப் படித்தேன். இணைப்பைச் சரிபார்க்கவும் என்றது, சரிபார்த்தேன். மற்ற மின்கருவிகளை அகற்றவும் என்றது. கிராணியின் கணக்குப்போடும் இயந்திரத்தை வெளியே தூக்கி வைத்தார்கள். மாமனார் லேப்டாப்பின் அடியில் கையை வைத்துப் பார்த்தார்.

"சூடா இருக்கு மாப்பிள்ள. இன்ஜின் சூடாயிட்டா எந்த லோரியும் மேடு ஏறாது."

ஐந்து நிமிடத்தில் ஒரு மேசை விசிறி வந்தது. விசிறியை லேப்டாப்பின் பக்கம் திருப்பி வைத்தார்கள். அந்தப் புழுக்கத்தில் எனக்கு வியர்த்துக் கொட்டியது. இயந்திரம் காற்று வாங்கியது.

இதற்குள் ஜன்னலில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். ஃபோன் கிடையாது என்று ஆனபிறகு ஞாயிற்றுக்கிழமை மாலையில் வேறு என்ன செய்வது?

"எத்தன மாப்பிள்ள?"

"முப்பத்தெட்டு."

"ஆ, போன தடவய விட பரவால்லலா."

"நாப்பது தாண்டிட்டா போயிரும்லா. மேட்டுலதான் கஷ்டம்."

நாற்பத்து நாலில் அறுந்தது. ஜன்னலில் எழுந்த 'ச்சோ' சத்தம், பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியதற்கு எழுவது.

இந்தக் கட்டத்தில்தான் ஆறுமுகம் அண்ணன் வந்தார். பால்மரம் வெட்டுபவர். ஆனால் தோட்டத்தில் அவருக்கு மரியாதை அதற்காக அல்ல. டிவியில் தமிழ்ப்படம் போடும் நாள்களில் வீடு வீடாகக் கூரை ஏறி ஏரியலைத் திருப்பிக்கொடுப்பவர் அவர்தான். ஒருவர் மேலே, ஒருவர் ஜன்னலில், ஒருவர் டிவிக்கு முன்னால், "கொஞ்சம் அந்தப் பக்கம், இன்னும், போதும் போதும், விட்றாத!" என்று செய்தி கை மாறும். அவர் திருப்பிய ஏரியலில் மழை நாளிலும் கதாநாயகிக்கு ஒரு முகம்தான் இருக்கும்.

அவர் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். "மாப்பிள்ள, மெஷின்ல ஒண்ணும் இல்ல. ஏரியல் லேசா சாஞ்சிருக்கு."

"வேண்டாம் அண்ணே. தொடாதீங்க."

"தொடல. சும்மா மேல போயி உக்காந்திருக்கேன்." ஏணியைச் சாய்த்து ஏறிவிட்டார்.

நாலாவது முறை அறுபத்தொன்று வரை போயிற்று. அறுந்தது. மணி நாலு முப்பத்து மூன்று. மேசையில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டேன். சரஸ்தான் கேட்டாள்: "அப்பா, ஆயாக்கொட்டகைல யாராச்சும் ஃபோன எடுக்கிறாங்களா?"

"யாரும் பேசக்கூடாதுன்னு சொல்லிட்டு வந்தேனே."

நாங்கள் போய்ப் பார்த்தோம். ஆயாக்கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் பாக்கியம் அக்கா, தொலைபேசிக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் ஏழெட்டுப் பேர் வரிசையாக.

"அக்கா, இந்த ஃபோன யாராச்சும் எடுத்தாங்களா?"

"ஐயையோ, ஒருத்தர் பேசல மாப்பிள்ள! நான் விடுவேனா? இவங்க வந்து முடிஞ்சிருச்சா முடிஞ்சிருச்சான்னு கேக்குறாங்க. நான் எடுத்துக் காதுல வச்சுப் பாப்பேன். கர்ர்னு சத்தம் கேக்கும். இன்னும் முடியல, மாப்பிள்ள அனுப்புறாரு, போங்கன்னு சொல்லி வச்சிருவேன்."

"எத்தன தடவ?"

அவர் விரலை மடக்கி எண்ணினார். "நாலு."

வரிசையில் நின்ற ஒரு பெரியவர், பாக்கியம் அக்காவுக்குக் கெட்ட பேர் வந்துவிடக்கூடாதென்று குறுக்கே புகுந்தார். "ஒங்களுக்கு டிஸ்டர்ப் ஆவக்கூடாதுன்னுதான்யா, ஆபீசுக்கு வந்து கேக்காம இங்கயே கேட்டுக்கிட்டோம்."

கைகூப்பினேன். அந்தக் கருவியை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளும்படி சரஸை அங்கேயே உட்காரவைத்துவிட்டுத் திரும்பினேன்.

ஐந்தாவது முறை, நாலு நாற்பத்தைந்து. இப்போது கோடு நிற்கவில்லை. முப்பது, நாற்பது, ஐம்பது. அறுபத்தொன்றைத் தாண்டியபோது ஜன்னலில் யாரோ கை தட்டினார்கள். எழுபது. செரம்பானில் வாடகைக்கு வீடு பார்ப்பதுபோல் என் மனம் அலைந்துகொண்டிருந்தது. சமையலறை ஜன்னல் கிழக்குப் பார்த்திருந்தது. எண்பத்து மூன்றில் கோடு நின்றது. அறுந்துவிடவில்லை, நின்றது. மேகம் கறுத்திருந்தது. ஐந்து விநாடி. பத்து விநாடி.

மாமனார் குனிந்து மெல்லக் கேட்டார்: "மாப்பிள்ள, கொஞ்சமா திருப்பச் சொல்லவா?"

வேண்டாம் என்று ஒரு சொல். அதுகூடச் சோர்ந்துபோனவனின் வாயில் வரவில்லை. "கொஞ்சமா" என்றேன்.

"ஆறுமுகம்! கொஞ்சமா!"

ஆறுமுகம் அண்ணனுக்கு ஏரியல் என்றால் ஒரு திசைதான். இருபது ஆண்டுகளாகத் தோட்டத்து ஏரியல்கள் அனைத்தையும் அவர் டிவி படம் தெளிவாக விழும் வேறொரு மலையின் பக்கமே திருப்பியிருக்கிறார். கை தானாக அந்தப் பக்கம் போயிற்று. மேலே இரும்பு கிறீச்சிட்டது. திரையில் கோடு மறைந்தது. தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தேன். சத்தமே இல்லை.

"இப்ப எப்பிடி? கிளியரா?" என்று மேலிருந்து குரல் வந்தது.

நான் வெளியே வந்து கத்தினேன். பெரியவர்கள், பெண்கள், மாமனார் எல்லாரும் நிற்க, என் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டதாக, ஏணி உச்சியிலிருந்த ஒரு மனிதரைப் பார்த்துக் கத்தினேன். அவர் ஏரியலைப் பழைய இடத்துக்குத் திருப்பப் பார்த்தார். ஆனால் பழைய இடம் எது? அது எந்த மரத்தைப் பார்த்திருந்தது என்று ஒருவரும் குறித்து வைக்கவில்லை. கீழே ஆளுக்கொரு திசை காட்டினார்கள். "லைன் ரோசாக்" என்றார் கிராணி. இணைப்பே கெட்டுப்போய்விட்டது என்று மலாயில்.

மணி ஐந்து எட்டு. பெடாஸில் பொதுத் தொலைபேசி உண்டு. தோட்டத்தில் அந்த நேரத்தில் எண்ணெயோடு இருந்த மோட்டார் சைக்கிள் ஒன்றே ஒன்று. அது ஆறுமுகம் அண்ணனுடையது.

சற்று முன்பு கத்தியவரின் முதுகைப் பிடித்துக்கொண்டு மூன்று மைல் மண் சாலையில் போவது எப்படி இருக்கும் என்று விவரிக்கமாட்டேன். ஒவ்வொரு குழியிலும் என் முகவாய் அவர் தோளில் இடித்தது. ஒவ்வொரு முறையும் "சாரி அண்ணே" என்றேன். இடித்ததற்கு என்று அவர் நினைத்திருப்பார்.

பெடாஸில் சீனர் காப்பிக்கடைக்கு முன்னால் இருந்த தொலைபேசியில், ஐந்து இருபத்திரண்டுக்கு ஆசிரியர் கிடைத்தார். செய்தி கையில் இல்லை. அது லேப்டாப்பில் பூக்களுக்கு நடுவே இருந்தது. மனத்திலிருந்து சொன்னேன். ஆறுமுகம் அண்ணன் பக்கத்தில் நின்று சில்லறை போட்டுக்கொண்டே இருந்தார்.

"இந்த மூன்று மைல் தூரத்தில் மொத்தம் இருபத்திரண்டு குழிகள்..."

"மாப்பிள்ள" என்று என் சட்டையை இழுத்தார். "பாலத்துக்கு அந்தப் பக்கம் நாலு இருக்கு. அத விட்டுட்டீங்க."

"சார், இருபத்தாறு. திருத்திக்குங்க."

ஏழு நிமிடத்தில் நானூறு சொல்லும் போய்ச் சேர்ந்தன. லேப்டாப்போடு ஒன்றரை மணி நேரம் முட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் செய்தி மூன்றாம் பக்கத்தில் வந்தது. ஆசிரியர் அதைப் பாராட்டினார். அதுதான் கடைசி அடி. "நல்லா வந்திருக்குய்யா. ஃபோன்லயே சொல்லிரலாம்னா எதுக்கு மெஷினு, எதுக்கு முழுநேர ஆளு? செரம்பான்ல பழைய ஆளே இருக்கட்டும்."

கணினிப் பிரிவில் இருந்த குணாவிடம் லேப்டாப்பைத் திருப்பிக்கொடுத்தேன். லைன் மோசம், தோட்டத்து ஆள்கள் மோசம், மழை மோசம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அண்ணே, உங்க செய்தி பத்து கிலோபைட்டுதான். மிச்சம் இருநூத்தித் தொண்ணூறும் பூ. வெறும் செய்திய அனுப்பியிருந்தா, அந்த லைன்லகூட ஒரு நிமிஷத்துல வந்திருக்கும்."

ஒரு நிமிடம். பாக்கியம் அக்கா ஃபோனை எடுத்துக் காதில் வைக்கவே அதைவிட நேரம் பிடித்திருக்கும்.

இதைச் சரஸிடம் மட்டும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை; "பூ எதுக்குன்னு கேட்டேன்" என்றாள், அவ்வளவுதான். அவள் அப்பாவிடம் சொன்னாள். அப்பா தோட்டத்துக்கே சொல்லிவிட்டார். ஏரியல் திரும்பியதிலிருந்து நாலு நாள் தோட்டத்துத் தொலைபேசிக்கு உயிரில்லை. வீட்டில் என்னவோ ஆகிவிட்டதென்று பயந்து ஜொகூரிலிருந்து மூன்று பிள்ளைகள் நேரிலேயே வந்து இறங்கியிருந்தார்கள். (அம்மாக்களுக்கு அதில் ரொம்ப சந்தோஷம். அடுத்த மாதமும் லேப்டாப்பைக் கொண்டுவரச் சொன்னார்கள்.) அடுத்த ஞாயிறு ஆறுமுகம் அண்ணனிடம் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்பதற்கு நல்ல தமிழில் இரண்டு வாக்கியம் தயார் செய்திருந்தேன். அவர் என்னை முந்திக்கொண்டார்.

"என்ன பூ மாப்பிள்ள?"

"தாமரை."

"ஆ." கொஞ்சம் யோசித்தார். "நாலு போட்டீங்களா?"

"சுத்தி. நாப்பது இருக்கும்."

"நல்லாதான் இருந்திருக்கும்" என்றார்.

செரம்பான் போயிற்று. ஆறாவது மாதத்தில் சரஸ் பள்ளி மாற்றம் வாங்கிக்கொண்டு கோலாலம்பூருக்கு வந்தாள். மகள் அங்கே பிறந்தாள். நம் நாட்டில் அடையாள அட்டை எண்ணின் நடுவில் இரண்டு இலக்கம் பிறந்த இடத்தைச் சொல்லும். செரம்பானும் பெடாஸும் இருக்கும் நெகிரி செம்பிலான் மாநிலத்துக்குப் பூஜ்யம் ஐந்து, கோலாலம்பூருக்குப் பதினாலு. என் மாமனார் வீட்டில் எல்லாருக்கும் ஐந்து. பேத்தியின் பிறப்புப் பத்திரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மடித்துக் கொடுத்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார், இன்றுவரை நிறுத்தவில்லை. பள்ளியில் சேர்க்கப் போன இடத்தில், வங்கிக் கணக்குத் திறந்த இடத்தில், கல்யாணப் பதிவுக்குப் போன இடத்தில், முகப்பில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி யாராக இருந்தாலும், மலாய்மொழியில் நின்று நிதானமாக: "இந்தப் பிள்ளை அஞ்சாக வரவேண்டியது. அவ அப்பா பூப் போட்டு அனுப்பினார். பதினாலாகப் போய்விட்டது."

மகள் ரெம்பாவ் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு செரம்பானிலேயே குடியிருக்கிறாள். போன ஆண்டு அவளுக்குப் பிரசவம். பேரனின் பிறப்புப் பத்திரம் வந்த அன்று மாமனாருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் கொண்டுபோய், எண்ணின் மேல் விரலை வைத்து, ஒவ்வோர் இலக்கமாகத் தடவிக்கொண்டு போனார். நடுவில் நின்றார். பூஜ்யம். ஐந்து.

பத்திரத்தை மடித்து என்னிடம் நீட்டினார்.

"வந்து சேந்துருச்சு மாப்பிள்ள" என்றார். "லைன் கொஞ்சம் ஸ்லோதான்."